சிறுதொழில் நிதி (தமிழ்நாடு)

சிறுதொழில் தொடங்குவோருக்கு அரசு கடனாகவும், கடனுக்கான உத்தரவாதமாகவும், பங்கு மூலதனமாகவும் தரும் ஆதரவு. இதற்கெனத் தனி நிறுவனம் எழுந்தது 1949இல். அவ்வாண்டு தொடங்கிய சென்னைத் தொழில் முதலீட்டுக் கழகமே மாநில அளவில் இந்தியாவின் முதல் தொழில் நிதி நிறுவனம். பின்னாளில் அது தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் ஆயிற்று. மற்ற மாநிலங்களுக்கான மாநில நிதிக் கழகங்கள் சட்டம் 1951இல்தான் வந்தது.

அன்றைய வணிக வங்கிகள் கையிருப்புச் சரக்கின் பேரில் சில மாதக் கடன் கொடுத்தன. இயந்திரம் வாங்கப் பல ஆண்டுத் தவணையில் பணம் தர அவை தயங்கின. அந்தக் கடனைக் கழகம் தந்தது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் திறக்கப்பட்டபின் சிறுபட்டறைகளுக்கு இடமும் கிடைத்தது.

ஆனால் கடன் நிலத்தின் மேல்தான் நின்றது. ஒரு லேத் வாங்க நினைப்பவர் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்துரை என்று கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்க்க வேண்டும். தாத்தா பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் விடுபட்டிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அவருக்கு வேலை தெரியுமா, கையில் ஆர்டர் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தவணை தவறினால் நீதிமன்றம் போகாமலே தொழிற்கூடத்தைக் கைப்பற்றி விற்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு நிதிக் கழகங்களுக்கு அதிகாரம் அளித்தது. தொழில் நொடித்தால் முழு நட்டமும் தொழில்முனைவோர் தலையில். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களால் இந்த வாசலை மிதிக்கவே முடியவில்லை. இம்முறையின் ஆகப்பெரிய அநீதி இதுவே.

நட்டத்தில் அரசு பங்கேற்க 2000இல் ஓர் ஏற்பாடு வந்தது. மத்திய அரசும், 1990இல் லக்னோவில் தொடங்கிய இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் (சிட்பி) சேர்ந்து ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளையை அமைத்தன. சொத்து ஈடு இல்லாமல் வங்கி தந்த கடன் வாராக்கடன் ஆனால், அதில் பெரும்பகுதியை அறக்கட்டளை ஈடுசெய்யும். ஒரு காலத்தில் 25 லட்சம் ரூபாயாக இருந்த கடன் உச்சவரம்பு 2025இல் 10 கோடி ஆனது. ஆனாலும் “வீடு சொந்த வீடா?” என்ற கேள்வி வங்கிக் கிளைகளிலிருந்து இன்னும் போய்விடவில்லை.

கடனுக்குப் பதில் நிறுவனத்தின் பங்கை வாங்கும் துணிகர முதலீட்டுக்கு மத்திய அரசு 1988இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016இல் 10,000 கோடி ரூபாயில் புத்தொழில் நிதியம் அறிவிக்கப்பட்டது. அதை நிர்வகிக்கும் சிட்பி, நிறுவனங்களுக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. துணிகர முதலீட்டு நிதியங்களில் போடுகிறது, அவை நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

தமிழ்நாடு இன்னும் ஓரடி முன்னே போனது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் புத்தொழில் நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்ய 2022-23இல் 30 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு அது 50 கோடி ஆயிற்று. இங்கே பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஈடாகக் கேட்கப்படுவதில்லை. அரசு, அந்த நிறுவனத்தின் பங்குதாரர் ஆகிறது. நிறுவனம் மூழ்கினால் அரசின் பணமும் அதோடு போகும்.