போலிக் கையொப்பமும் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடுவும்

கையொப்பமிட்ட பேஸ்பாலை வாங்குபவர் பந்துக்காகப் பணம் தருவதில்லை. வெள்ளைத் தோலும் சிவப்புத் தையலும் உள்ள அதே பந்து எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும். இரண்டு தையல்வரிகள் நெருங்கிவரும் குறுகிய இடத்தில் ஆட்டக்காரர் இட்ட ஒற்றை வரிக்கே அத்தனை விலையும். அது போலியென்றால், விலை பேசிய பொருள் வாங்கியவர் கைக்கு வரவே இல்லை. ஆனாலும் அமெரிக்காவில், போலி என்று ஐயமற நிறுவிய பிறகும் காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் அவருடைய கோரிக்கை தள்ளுபடியாகலாம். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு, போலி தெரியவந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அமெரிக்க மாநிலங்களின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 2-725ஆம் பிரிவு, உத்தரவாத மீறலுக்கு வழக்கிட நான்கு ஆண்டு தருகிறது. பொதுவாக அந்தக் கணக்கு பொருளை ஒப்படைத்த அன்றே தொடங்கிவிடும். குறை வாங்கியவருக்குத் தெரியுமா என்று சட்டம் கேட்பதில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு இது பொருந்தலாம், ஓட்டிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பந்தோ, மறுபடி விற்க எடுத்துச் செல்லும்வரை எதையும் காட்டிக்கொடுக்காது. ஓவிய வழக்குகள் இதற்கு நேர் சான்று. சார்ஜென்ட் வரைந்ததென 1968இல் வாங்கிய ஓவியம் போலி என்று 1987இல்தான் தெரியவந்தது. உத்தரவாதக் கோரிக்கை காலாவதியானது என்று 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவுசெய்தது. இங்கிலாந்திலும், கான்ஸ்டபிள் ஓவியம் என்று 1944இல் 85 பவுண்டு கொடுத்தவருக்கு 1950இல் விற்பனையை ரத்து செய்துதர நீதிமன்றம் மறுத்தது.

வாங்கியவர் உடனே சோதித்திருக்கலாமே என்பார்கள். எதை வைத்துச் சோதிப்பது? சான் டியாகோவில் தொடங்கிய எப்.பி.ஐ.யின் 'புல்பென்' நடவடிக்கை, போலிக் கையொப்பங்களோடு போலிச் சான்றிதழ்களும் சேர்ந்தே விற்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லும் பேஸ்பால்கள்கூட அதில் சிக்கின. பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி க்வின் தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையொப்பங்களைக் கண்டார். உரியவர் கண்ணுக்கே தெரியக்கூடிய வேறுபாட்டைச் சாதாரண ரசிகர் கண்டுபிடிக்கவில்லை என்று தண்டிப்பது நியாயமாகாது.

விற்றவர் வாழ்நாளெல்லாம் அஞ்சிக்கொண்டிருக்க முடியுமா என்பது வலுவான மறுப்பு. அதை நான் மதிக்கிறேன். அதனால்தான், தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டு, எப்படியும் விற்ற நாளிலிருந்து பத்தாண்டு என்ற வெளிவரம்பை முன்வைக்கிறேன். சதபீஸ், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனங்கள் போலிக்கு எதிராக ஐந்தாண்டு உத்தரவாதத்தைத் தாமாகவே தருகின்றன, வணிகம் முடங்கிவிடவில்லை. அசலை வைத்துக்கொண்டு வேறு பந்தைத் திருப்பித் தருவார்கள் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: மேஜர் லீக் பேஸ்பால் 2001 முதல் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுகிறது. இனி, "அது என் கருத்துதான், உறுதிமொழியல்ல" என்ற வாதம். கலிபோர்னியாவின் குடிமைச் சட்டம் 1739.7ஆம் பிரிவு அதை ஏற்பதில்லை. சான்றிதழே உத்தரவாதம், பொய்ச் சான்றிதழுக்கு இழப்பீட்டோடு பத்து மடங்கு தண்டமும் உண்டு. சான்றிதழின் நகலை ஏழு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க விற்பவரை அதே பிரிவு கட்டாயப்படுத்துகிறது. விற்றவர் கோப்பில் நகல் பத்திரமாக இருக்கும்போது, வாங்கியவரின் உரிமை நான்காம் ஆண்டோடு முடிவதற்கு நியாயம் எதுவும் இல்லை.