கழற்றும் நாளுக்கான சங்கிலி: கிள்ளான் பள்ளத்தாக்கில் தங்கமும் நம் பெண்களும்



சென்ற தவணையில் நான்காம் படிவ வகுப்பில் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்ற தொடரை விளக்கிக்கொண்டிருந்தேன். மாசு மருவற்ற குணம் என்று பொருள் சொல்லி முடித்ததும், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், எங்க அம்மா சங்கிலியில 916னுதான் போட்டிருக்கு. பத்தரைனு எங்கயும் இல்லையே?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்விக்குள் நம் இனத்தின் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மாற்று, காரட், பவுன்

தங்கத்தின் தூய்மையைத் தமிழர் ‘மாற்று’ என்ற அளவால் கணக்கிட்டனர். பத்தரை மாற்று என்றால் கலப்பே இல்லாத தங்கம். பொற்கொல்லர் நகையை உரைகல்லில் தேய்ப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த உரையாணியையும் தேய்த்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிடுவார். உயர்ந்த தங்கத்துக்கு ‘ஆணிப்பொன்’ என்ற பெயரும் நம் மொழியில் உண்டு. மனிதரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்று வள்ளுவர் சொல்வதும் இந்தக் கல்லை வைத்துத்தான்.

காரட் கணக்கு தங்கத்தை 24 பங்காகப் பிரிக்கிறது. 22 பங்கு தங்கமும் 2 பங்கு வேறு உலோகமும் சேர்ந்தது 22 காரட். இதையே ஆயிரத்துக்கு இத்தனை என்று எழுதினால் 916. நம் பழைய அளவில் ஏறத்தாழ ஒன்பதரை மாற்று. மாணவி கேட்ட கேள்விக்கு இதுதான் விடை: இரண்டும் ஒரே பொருளை அளக்கும் இரண்டு கோல்கள்.

சரி, ‘பவுன்’ எங்கிருந்து வந்தது? 1817 முதல் பிரிட்டன் வெளியிட்ட சவரன் என்னும் தங்கக் காசிலிருந்து. அதன் மதிப்பு ஒரு பவுண்டு, எடை 7.99 கிராம், தரம் 22 காரட். அதனால்தான் இன்றும் நம்மவர்கள் 8 கிராமை ஒரு பவுன் என்கிறார்கள், சவரன் என்றும் சொல்கிறார்கள். காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதன் எடையும் தரமும் நம் பெண்களின் கழுத்தில் தங்கிவிட்டன.

40 காசுக் கூலியும் ஒரு பவுனும்

1920களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிலையான நாள்கூலி ஒன்று வரையறுக்கப்பட்டது. வசதியான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அப்போது 60 வெள்ளிக்கு 7 பவுண்டு என்ற மாற்று விகிதம் நடப்பில் இருந்தது. ஆக, ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரனுக்கு 8 வெள்ளி 57 காசு.

இப்போது கணக்குப் போடுங்கள். விடியலில் எழுந்து பால்மரம் வெட்டிய ஒரு பெண், உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் ஒரு பவுனுக்கு 21 நாள் கூலி தேவை. பத்தருக்குக் கொடுக்கும் செய்கூலி தனி. 1930களின் பொருளாதார மந்தத்தில் இந்த 40 காசும் குறைக்கப்பட்டது. இப்படி இருந்தும் அந்தப் பெண்கள் ஏன் தங்கத்தையே நாடினார்கள்?

பேராசை என்றோ பகட்டு என்றோ சொல்பவர்கள் லயத்து வாழ்க்கையை மறந்துவிடுகிறார்கள். குடியிருந்த வீடு தோட்டத்துடையது. மரமும் மண்ணும் தோட்டத்துடையவை. வேலை போனால் அந்த வீடும் போகும். ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லி, தூக்கிக்கொண்டு வெளியேறக்கூடிய சொத்து எது? கழுத்தில் கிடந்ததுதான்.

மஞ்சள் கயிறும் தாலிக்கொடியும்

கோலாலம்பூரில் கதை சற்று வேறு. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வேலைக்காகத் தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் குடியேறினர். ஸ்காட் சாலையில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோவில் இலங்கைத் தமிழர் எழுப்பியது.

ஆக, ஒரே வட்டாரத்தில் இரண்டு வழக்கங்கள் நடமாடின. தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் கயிற்றில் ஒரு பொட்டுத் தாலி. வசதி வந்த பிறகுதான் அது சங்கிலிக்கு மாறும். யாழ்ப்பாணத்து மணப்பெண்ணுக்கோ தாலிக்கொடி. 9, 11 என்று ஒற்றைப்படைப் பவுன் கணக்கில் செய்யப்படும் கனத்த கொடி அது. வர்க்கம் வேறு, ஊர் வேறு. ஆனாலும் எத்தனை பவுன், கெட்டியா என்ற கேள்வி இரு வீட்டிலும் ஒன்றுதான்.

பணம் தேவைப்பட்டால் போக ஓர் இடமும் இருந்தது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. அடகுக் கடைகளும் நகரெங்கும் இருந்தன. அங்கே நகையின் வேலைப்பாட்டுக்கு மதிப்பு குறைவு. தராசும் உரைகல்லும்தான் பேசும்.

கழுத்திலிருந்து இறங்கிய தங்கம்

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். மலாயா முழுவதும் கூட்டங்களில் பேசி, இந்திய தேசிய இராணுவத்துக்கு ஆளும் பொருளும் கேட்டார். நம் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்), கூட்டத்திலேயே தம் காதணிகளைக் கழற்றித் தந்தார். பிறகு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் முன்னணி அதிகாரிகளுள் ஒருவரானார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தகப்பனிடமோ கணவனிடமோ கேட்டு எழுதி வாங்க வேண்டிய சொத்தாக இருந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணால் உடனே கொடுத்திருக்க முடியுமா? நகை அவள் கைக்கெட்டும் தூரத்தில், அவள் முடிவுக்குள் இருந்தது. இந்தக் கோணத்தை நம் வரலாற்று வகுப்புகளில் நாம் அதிகம் பேசுவதில்லை.

ஜப்பானியர் ஆட்சி இன்னொரு பாடமும் சொன்னது. அவர்கள் அச்சிட்ட வாழைமர நோட்டு, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் தாளாகிவிட்டது. திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. மூட்டை மூட்டையாக நோட்டு வைத்திருந்தவரும் ஏமாந்தார். தங்கம் வைத்திருந்தவருக்கு மட்டும் ஏதோ மிஞ்சியது. “காகிதத்தை நம்பாதே” என்று நம் பாட்டிமார் சொன்னதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அவர்கள் கண்ணால் கண்டது அது.

தோட்டம் துண்டானபோது

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்தன. இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினர், அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸில் நகைக்கடைகளும் பூக்கடைகளும் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். 2010 அக்டோபர் 27இல் அந்தப் பகுதி லிட்டல் இந்தியாவாகத் திறக்கப்பட்டது.

பெண்கள் தங்களுக்குள் ‘கூட்டு’ பிடித்தும் பணம் சேர்த்தார்கள். ஏமாற்றுகள் பெருகியதால் 1971இல் அரசு அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது, தெரியுமா? அடுத்த ஆண்டு, 1972இல், அடகுக்காரர் சட்டம் வந்தது. மாத வட்டி 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அது கட்டுப்படுத்தியது. 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி. கூட்டுக்குத் தடை, வங்கிக் கடனுக்கோ சம்பளச் சீட்டு வேண்டும். சங்கிலிக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை.

என் வீட்டுக் கதை

என் பாட்டி கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வாங்கிய மூன்று பவுன் சங்கிலி அம்மாவுக்கு வந்தது. மெல்லியதாக, மங்கலாக, ஒரு வேலைப்பாடும் இல்லாமல் இருக்கும். நான் ஆசிரியர் பட்டயம் படித்த ஆண்டில் அது அடகுக் கடையில் கிடந்தது. வட்டி கட்டிக் கட்டி நீட்டித்து, எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் மீட்டோம்.

அந்த நன்றிக்காக ஒரு தீபாவளிக்கு அம்மாவுக்குப் புதுச் சங்கிலி வாங்கிட்டு வந்தேன். நல்ல தடிமன். பார்த்தவர்கள் எல்லாரும் “நாலு பவுனா?” என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாண்டு கழித்து அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா இரண்டு சங்கிலிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். பாட்டியுடையது தராசில் 23 கிராமுக்கு மேல் நின்றது. நான் வாங்கியது 11 கிராம். அங்கங்கே நசுங்கியும் இருந்தது. கடையில் இருந்தவர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “டாலாம் கோசோங்” என்றார். உள்ளே வெறுமை.

வாங்கிய கடையில் யாரும் பொய் சொல்லவில்லை. ரசீதில் 11 கிராம் என்றுதான் இருந்தது. நான்தான் தடிமனைப் பார்த்தேன், எடையைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா, “விடும்மா, கழுத்துக்கு நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். அப்பாவின் முன்பணத்தைக் கட்ட உதவியது பாட்டியின் சங்கிலிதான்.

சிலப்பதிகாரத்திலும் வழக்கைத் தீர்த்தது சிலம்பின் வெளியழகு அல்லவே! உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதுதானே?

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

இத்தனை வரலாற்றிலிருந்து நான் கற்றது ஒன்று: சங்கிலியை அணியும் நாளை மட்டும் நினைத்து வாங்கக் கூடாது, கழற்றும் நாளையும் நினைத்து வாங்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ கடைக்குள் நுழையும்போது இவற்றை மனத்தில் வையுங்கள்.

முதலில் எடை. பதக்கமும் கல்லும் சேராமல் சங்கிலியை மட்டும் நிறுக்கச் சொல்லுங்கள். தடிமனாகத் தெரிந்து எடை குறைவாக இருந்தால் அது கூடாக இருக்கலாம். “உள்ளே கெட்டியா, கூடா?” என்று நேராகவே கேளுங்கள். கூடு என்பது குற்றமில்லை. எப்போதாவது அணிய, குறைந்த விலையில் வேண்டுமானால் வாங்கலாம். ஆனால் அது எளிதில் நசுங்கும், உடைந்தால் ஒட்டுவது சிரமம்.

இரண்டாவது முத்திரை. கொக்கியின் அருகே 916 இருக்கிறதா பாருங்கள். 750 என்றிருந்தால் அது 18 காரட். இரண்டு பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம், 916 தரத்தில் 14.66 கிராம் தூய தங்கம் கொண்டது. 750 தரத்தில் 12 கிராம்தான். எடை ஒன்றே, உள்ளிருக்கும் தங்கம் வேறு.

மூன்றாவது பின்னல். நாள்தோறும் அணிவதற்கு, ஒவ்வொரு வளையமும் நன்றாகப் பற்றவைத்து மூடப்பட்ட எளிய பின்னல் போதும். அறுந்தாலும் எந்தப் பத்தரும் ஒட்டித் தருவார். தாலியோ பதக்கமோ தொங்கும் இடம்தான் முதலில் தேயும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள்.

நான்காவது ரசீது. எடை, தரம், அன்றைய விலை, செய்கூலி ஆகிய நான்கும் தனித்தனியே இருக்கட்டும். மலாய்க்காரர் ‘உப்பா’ என்று சொல்லும் செய்கூலி, விற்கும்போது திரும்பி வராது. வேலைப்பாடு கூடக் கூட அந்த இழப்பும் கூடும். தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். எங்கே போனாலும் கையில் ரசீது வேண்டும்.

வகுப்பறைக்கு

1. சொற்பொருள் காண்க: மாற்று, உரைகல், ஆணிப்பொன், கிட்டங்கி, செய்கூலி.

2. கணக்கிடுக: 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 வேலை நாள் என்று கொண்டு, இன்றைய விலையில் 916 தங்கம் ஒரு பவுன் வாங்க எத்தனை நாள் கூலி தேவை? 1920களின் 21 நாளோடு ஒப்பிட்டுக் காரணம் கூறுக.

3. நேர்காணல்: உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ அவர் நகை ஒன்றின் கதையைக் கேளுங்கள். எந்த ஆண்டில் வாங்கியது, எந்தப் பணத்தில், எதற்காகக் கழற்றப்பட்டது என்று குறித்து வாருங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

4. கட்டுரை: ‘தங்கம் ஆடம்பரமா, சேமிப்பா?’ வரலாற்றுச் சான்றுகள் மூன்றினைக் காட்டி, 350 சொற்களில் உங்கள் கருத்தை நிறுவுக.