கடிவாளம் பிடித்த கருங்கரங்கள்

ஏப்ரல் இறுதி வந்துவிட்டால் அமெரிக்க நாட்டின் கெண்டகி மாநிலத்திலே, லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டௌன்ஸ் பந்தயத் திடல் புதுக்கோலம் பூணும். வசந்தகாலப் பந்தயங்கள் அங்கே தொடங்கும். மே திங்கள் முதல் சனிக்கிழமையன்று 'கெண்டகி டெர்பி' எனும் பெரும்பந்தயம். சீமாட்டிகள் அகன்ற தொப்பியணிந்து வருவர். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவர். கோடிக்கணக்கில் பணம் கைமாறும். மூன்று வயதுக் குதிரைகள் ஒன்றேகால் மைல் ஓடும். இரண்டே நிமிடங்களில் எல்லாம் முடிந்துபோகும்!

"குதிரைப் பந்தயத்துக்கும் பகுத்தறிவுக்கும் என்ன உறவு? சூதாடிகளின் திருவிழாவைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. பந்தயச் சூதுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. குடும்பங்களைக் குலைக்கும் கேடு அது என்பதில் நமக்கு ஐயமும் இல்லை. ஆயினும், புதிய பருவம் பிறக்கும்போதெல்லாம், இம்முறை வெல்லப்போவது யார் என்று பந்தயப் பித்தர்கள் ஆரூடம் கணிக்கிறார்களே, அப்போது நாம் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். அந்தத் திடலில் முதன்முதல் வென்றவர் யார்? அவருடைய இனத்தார் பிறகு எங்கே போயினர்?

1875ஆம் ஆண்டு மே திங்கள் 17ஆம் நாள் முதல் டெர்பி நடைபெற்றது. பதினைந்து குதிரைகள் களத்தில் நின்றன. ஜாக்கி எனப்படும் சவாரி வீரர் பதினைவரில் பதின்மூவர் கருப்பினத்தவர்! வென்ற குதிரை அரிஸ்டைடிஸ். அதன்மேல் அமர்ந்து வந்த ஆலிவர் லூயிஸ் கருப்பின இளைஞர். அக்குதிரையைப் பழக்கிய ஆன்செல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்து, ஓர் எசமானனிடமிருந்து மற்றோர் எசமானனுக்கு விற்கப்பட்டவர்.

வியப்பாக இருக்கிறதா? வியப்புக்கு இடமில்லை. தென்மாநிலப் பண்ணையார்களின் குதிரை லாயங்களில் வைகறையில் எழுந்தவன் அடிமை. குட்டி ஈன்றபோது காவலிருந்தவனும், தீனி வைத்தவனும், முரண்டு பிடித்ததைத் தட்டிக்கொடுத்துப் பழக்கியவனும் அடிமையே. பந்தயத்தில் ஏறி ஓட்டியவனும் அவனே. பரிசுப் பணம் மட்டும் பண்ணையாருடையது! குதிரையும் சொத்து, அதை ஓட்டியவனும் சொத்து என்றிருந்த காலம் அது. சாணி அள்ளும் வேலையை எசமானர்கள் இழிவென்று கருதினார்கள். அந்த இழிவிலிருந்தே கருப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக ஓர் அறிவைத் திரட்டிக்கொண்டார்கள்.

1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அத்திருத்தத்தை ஏற்க மறுத்த மாநிலங்களுள் கெண்டகியும் ஒன்று. அம்மாநிலச் சட்டமன்றம் அதற்கு ஒப்புதல் வழங்கியது எப்போது தெரியுமா? 1976இல்! அப்படிப்பட்ட மண்ணிலேதான், விலங்கு கழன்ற பத்தே ஆண்டுகளில், கருப்பின வீரர்கள் களம் புகுந்து கொடி நாட்டினார்கள். 1875 முதல் 1902 வரை நடைபெற்ற இருபத்தெட்டு டெர்பிகளில் பதினைந்தை வென்றவர்கள் அவர்களே.

அவ்வரிசையில் தலையாயவர் ஐசக் மர்ஃபி. 1861இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் சேர்ந்த தந்தை வீடு திரும்பவில்லை. சிறுவயதிலேயே குதிரையேறிய மர்ஃபி 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் டெர்பியை வென்றார். மும்முறை வென்ற முதல் வீரர் அவர். தாம் ஏறிய பந்தயங்களில் நூற்றுக்கு 44 வென்றதாக அவர் கணக்குச் சொன்னார். கிடைத்துள்ள ஏடுகளை வைத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 34. குறைந்த கணக்கைக் கொண்டாலும், அது மலைக்க வைக்கும் வெற்றியே. 1896இல், முப்பத்தைந்து வயதில், அவர் மாண்டார். 'தனித்தனியே, ஆனால் சமமாக' என்ற பொய்யுரைக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெசி வழக்கில் முத்திரை குத்தியதும் அதே 1896இல்தான்.

சட்டமே பிரித்து வைத்தபின் பந்தயத் திடல் மட்டும் தப்புமா? சவாரி வீரனுக்குப் பொருளும் புகழும் பெருகப் பெருக, நேற்றுவரை இழிதொழிலாக இருந்தது எல்லோரும் விரும்பும் தொழிலாயிற்று. வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்தனர். ஓடும்போதே கருப்பு வீரனின் குதிரையை நெருக்கி வேலியோரம் தள்ளினர். குதிரைக்கென ஏந்திய சவுக்கு மனிதன் முகத்தில் விழுந்தது. குதிரை முதலாளிகள் பார்த்தார்கள். கருப்பன் ஏறினால் குதிரைக்கு ஆபத்து, போட்ட முதலுக்கு ஆபத்து என்று கணக்கிட்டார்கள். மெல்ல மெல்ல வாய்ப்பை மறுத்தார்கள். சூதாட்ட எதிர்ப்புச் சட்டங்களால் பல திடல்கள் மூடப்பட்டதும், கருப்பின மக்கள் பிழைப்புத் தேடி வடபுல நகரங்களுக்குப் பெயர்ந்ததும் உண்மையே. ஆனால், திடல்கள் மீண்டும் திறந்தபோது வெள்ளையர் திரும்பி வந்தனர்; கருப்பர் வரவில்லை, வர விடவில்லை.

ஜிம்மி விங்க்ஃபீல்டின் கதையைக் கேளுங்கள். பதினேழு பிள்ளைகளில் கடைக்குட்டி. 1901, 1902 ஆகிய ஈராண்டும் டெர்பியை வென்றவர். சொந்த நாட்டில் வாய்ப்புச் சுருங்கவே கடல் கடந்து, சார் மன்னனின் ரஷ்யாவுக்குச் சென்று முன்னணி வீரரானார். புரட்சிக்குப் பின் 1919இல், ஒடெஸ்ஸாவிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளை ஓட்டிக்கொண்டு வார்சா நகருக்குத் தப்பிய குழுவில் அவரும் இருந்தார். பிறகு பிரான்சில் வாழ்ந்தார். 1961இல் டெர்பியையொட்டி லூயிவில்லில் நடந்த விருந்துக்கு அவருக்கு அழைப்பு வந்தது. மகளுடன் சென்றார். இருமுறை டெர்பி வென்ற முதியவரை, கருப்பர் என்பதற்காக, விடுதியின் முன்வாயிலில் தடுத்து நிறுத்தினார்கள்!

1921க்குப் பின் 2000 வரை, எழுபத்தொன்பது ஆண்டுகள், டெர்பியில் ஒரு கருப்பின அமெரிக்க வீரர்கூட ஏறவில்லை. 1902க்குப் பின் 2025 வரை ஒருவர்கூட வெல்லவுமில்லை. இந்தப் பட்டியலை மட்டும் ஒரு சிறுவனிடம் நீட்டினால் அவன் என்ன எண்ணுவான்? "கருப்பருக்குக் குதிரையேற்றம் வராது போலும்" என்றுதானே எண்ணுவான்!

தோழர்களே, இங்கேதான் நமக்கும் பாடம் இருக்கிறது. தகுதி, திறமை என்று நம்மிடம் எத்தனை முறை உபதேசித்திருக்கிறார்கள்! கதவைச் சாத்துவது, நெடுங்காலம் சாத்தியே வைப்பது, பிறகு உள்ளே ஆளில்லாததைக் காட்டி, "பாரீர், இவர்களுக்கு இயல்பிலேயே தகுதியில்லை" என்பது: ஆதிக்கத்தின் பழைய உத்தி இது. நிறத்தின் பெயரால் அங்கே நடந்தது. பிறப்பின் பெயரால் இங்கே நடந்தது. இன்றைய வெற்றிடத்தை இயற்கையின் தீர்ப்பென நம்புவதும் ஒருவகை மூடநம்பிக்கைதான். "இந்த இடம் எப்போது, எவரால் வெறுமையாக்கப்பட்டது?" என்று கேட்பதே பகுத்தறிவு.

டெர்பி ஓட்டத்துக்கு முன் கூட்டம் எழுந்து நின்று ஒரு பாடலைப் பாடும். ஸ்டீபன் ஃபாஸ்டர் 1853இல் வெளியிட்ட அப்பாடல், வீட்டையும் உறவையும் பிரிந்து விற்கப்பட்டுச் செல்லும் அடிமையின் துயரத்தைச் சொல்வது. அதிலிருந்த இழிசொல்லை மாநிலச் சட்டமன்றம் 1986இல்தான் மாற்றியது. மர்ஃபியின் கல்லறைகூடப் பெயரின்றிக் கிடந்து, 1960களில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, 1967இல் அவர் உடல் வேறிடத்தில் மதிப்புடன் அடக்கம் செய்யப்பட்டது.

புதைந்த பெயர்களை மீட்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. மீண்டும் மே வரும். குதிரைகள் பாயும், கூட்டம் கூவும். எந்தக் குதிரை வெல்லும் என்று பந்தயம் கட்டுவோர் கட்டட்டும். நாம் ஆலிவர் லூயிசின் பெயரைச் சொல்வோம். அவரை நம் பிள்ளைகளுக்கும் அறிமுகப்படுத்துவோம்.