எறிந்த கோதும் எரிந்த கையும்

வடக்கே மருதமுனை தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் மணற்கரையிலே வளர்ந்தவர்களுக்கு மரமுந்திரிகை புதிய பொருளன்று. பழம் உதிரும் காலத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மணலிலே எறிந்துவிடுவோம். கொட்டையை நெருப்பிலிட்டுச் சுடும்போது, “கிட்ட வராத, பால் தெறிக்கும்” என்று மூத்தம்மா அதட்டுவார். அதனையும் மீறிப் பச்சைக் கொட்டையைக் கடித்து, உதட்டிலே புண்ணோடு பள்ளிக்கு வரும் சிறுவர்களை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். சுட்டெடுத்தபின் பருப்பை உண்டு கோதையும் எறிந்துவிடுகிறோம். ஆக, அக்கனியில் நாம் கொள்வது சிறுபகுதி, எறிவதே பெரும்பகுதி. அவ்வாறு எறியப்படும் பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பருப்பின் வரலாற்றிலும் படிப்பினை மிக்கது.

மரமுந்திரிகையின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அதனை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தனர். மலையாளத்தில் ‘பறங்கிமாவு’ என்று வழங்கும் பெயர் இச்செய்தியை இன்றும் பேணி நிற்கிறது. அப்பெயரிலுள்ள ‘மா’வும் பொருத்தமானதே, மாவும் மரமுந்திரிகையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காய்ப் பால் பட்டு வாய் புண்ணாவதும் முந்திரிக் கோதின் எண்ணெய் பட்டுக் கை புண்ணாவதும் நெருங்கிய உறவுடைய பொருள்களின் வேலையே. அக்குடும்பத்தின் இன்னோர் உறுப்பினமாகிய சேங்கொட்டையின் கரிய சாற்றினால் சலவைத் தொழிலாளர் துணிகளுக்குக் குறியிட்டனர். சித்த வைத்தியர்கள் அதே கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்கினர். சுடுகின்ற சாறு பயன்படும் சாறாகவும் இருக்கக்கூடும் என்பதை எமது மக்கள் உழைப்பின் வாயிலாகவே அறிந்திருந்தனர்.

ஆய்வுகூடத்தின் கதை பின்னர் வருகிறது. முந்திரிக் கோதின் ஈர் அடுக்குகளுக்கிடையே தேன்கூடு போன்ற அறைகள் உள்ளன. கோதின் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு அவ்வறைகளில் நிறைந்திருக்கும் எண்ணெயேயாகும். 1847ஆம் ஆண்டு ஸ்ரெடெலர் எனும் ஜெர்மானிய இரசாயனவியலாளர் அவ்வெண்ணெயிலிருந்து அனாக்காடிக் அமிலத்தையும் காடோலையும் இனங்கண்டார். இவ்வமிலத்தைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறக் காடனோல் எஞ்சுகிறது. எனினும், அக்கண்டுபிடிப்பு வெளிவந்து முக்கால் நூற்றாண்டு வரை இவ்வெண்ணெயைப் பெருந்தொழில் நாடவில்லை. அறிவு இருந்தது, அதற்கு விலை இருக்கவில்லை.

விலையைத் தந்தது மோட்டார் வண்டி. காடனோலைப் போமல்டிகைட்டுடன் சேர்த்தால் வெப்பத்தைத் தாங்கும் கடினமான பிசினொன்று உருவாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் மோர்ட்டிமர் ஹார்வி என்பார் 1920களிலிருந்து இத்துறையில் உழைத்துப் பல காப்புரிமைகளைப் பெற்றார். வண்டிகளின் பிறேக்கு உறைகள், வார்னிசுகள், மின்கம்பிக் காப்புறைகள் ஆகியவற்றுக்கு இப்பிசின் வேண்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டரசு கோதெண்ணெயைத் தனது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருமளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்தது. எறிகோது போர்ப் பொருளாயிற்று.

அக்கோது வந்த இடங்களுள் முதன்மையானது கேரளத்தின் கொல்லம். அங்கே கொட்டைகளைத் திறந்த சட்டியிலும், பின்னர் உருளையிலும் இட்டு வறுத்த காலத்தில் எண்ணெயின் பெரும்பகுதி புகையாகவே போயிற்று. எண்ணெய்க்கு விலை வந்ததும், கொதிக்கும் கோதெண்ணெயிலேயே கொட்டைகளைத் தோய்த்து, கோதிலுள்ள எண்ணெயை வெளிவரச் செய்யும் முறை புகுந்தது. வீணாய்ப் போனது மீட்கப்பட்டது. ஆயினும், கோதை உடைத்தவர்களின் நிலை என்ன?

உடைத்தவர்கள் பெண்கள். தொழிலாளரிற் பெரும்பாலோர் பெண்களே; அவர்களுள்ளும் கோதுடைக்கும் கொடிய வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் மீதே பெரிதும் சுமத்தப்பட்டது. தோலுரித்தலும் தரம் பிரித்தலும் ஏனையோர்க்கு வாய்த்தன. கொல்லத்து முந்திரித் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்ந்த அன்னா லிண்ட்பேர்க் இப்பிரிவினையை விரிவாகக் காட்டியுள்ளார். வறுத்த பின்னும் கோதில் எஞ்சி நிற்கும் எண்ணெய் விரல்களைக் கருக்கித் தோலை உரித்தது. அவர்களுக்கிருந்த காப்பு சாம்பலும் பூசெண்ணெயுமே.

இவ்விடத்து ஓர் ஆண்டு மனங்கொள்ளத்தக்கது. 1953இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சைம்ஸ், டோசன் ஆகிய இருவரும் காடனோல், காடோல் ஆகியவற்றின் கூறுகளை நிறப்பகுப்பு முறையாற் பிரித்து, அவற்றின் அமைப்பை வெளியிட்டனர். அமெரிக்கக் காடுகளில் தோலை அரிக்கும் நச்சுக்கொடியின் சாற்றையும் அவர்கள் உடன் ஆராய்ந்தனர். இவையெல்லாம் ஒரே உறவினவென்பது தெளிவாயிற்று. எது தோலைச் சுடுகிறது என்பது அணுவணுவாக எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் கொல்லத்துப் பெண்களின் கைகள் வெந்துகொண்டேயிருந்தன.

இதற்கு விஞ்ஞானத்தைப் பழித்தல் பேதைமை. எண்ணெயைப் பகுத்தறிந்த அதே இரசாயனவியல் கையைக் காக்கும் வழியையும் காட்டவல்லது. கொட்டையை நீராவியில் அவித்து உடைக்கும் முறை தீப்புண்ணைக் குறைத்தது. ஆனால் எண்ணெயை மீட்கச் சந்தை தானே முன்வந்தது. கையை மீட்கப் போராட்டம் வேண்டியிருந்தது. 1930களின் இறுதி தொட்டுத் தொழிற்சங்கங்களாகத் திரண்டவர்கள் கூலியையும் உரிமையையும் படிப்படியாகவே பெற்றனர். 1969இல் கேரள அரசு முந்திரி அபிவிருத்திக் கழகத்தை நிறுவியதும் அவ்வரலாற்றின் ஒரு கட்டமேயாகும்.

இனி எமது கரைக்கு வருவோம். இலங்கையில் மரமுந்திரிகை பயிராகும் மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்று. மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனம் 1973இல் அமைக்கப்பட்டது. இருந்தும் பழம் இன்றும் மணலிலே அழுகுகிறது. கொட்டையைக் காட்டிலும் பலமடங்கு நிறையுடைய அப்பழத்தில் தோடம்பழத்திலும் மிகுதியாக விற்றமின் சி உண்டு. கோவாவில் அதனைப் புளிக்கவைத்து ‘பெனி’ எனும் மது வடிக்கின்றனர். அவ்வழி எம்மூர்களுக்கு உரியதன்று. சாற்றின் துவர்ப்புக்குக் காரணம் தனின் எனும் பொருள். ஜெலற்றின் சேர்த்து அதனைப் பிரித்தெடுக்கலாம் என்றால், அந்த ஜெலற்றின் எந்த விலங்கினது என்ற வினா எம்மவரிடையே எழுவது இயல்பு. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் காட்டும் வழி எளிது: காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சியைச் சாற்றிலே சேர்த்தால் தனின் அதனுடன் கூடி அடியிற் படிந்துவிடும், மேலே தெளிந்த சாறு நிற்கும்.

இதனை எமது பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்து பார்க்கலாம். சாற்றில் சிலதுளி பெரிக்குக் குளோரைட்டு விட்டால், தனின் இருப்பதைக் கருநிறம் காட்டும். சவ்வரிசியாற் தெளிந்த சாற்றில் அந்நிறம் மங்கும். மூத்தம்மா எறியச் சொன்ன பழத்திலிருந்தே மாணவர் இரசாயனவியல் கற்கலாம்.

ஆனால் பாடம் அத்துடன் முடிந்துவிடலாகாது. நாளை இக்கரையிலே சாறு பிழியும் ஆலையோ கோதெண்ணெய் எடுக்கும் ஆலையோ எழலாம்; எழவேண்டும் என்பதே எமது விருப்பமும். அன்று எவ்வளவு எண்ணெய் கிடைத்தது, எவ்வளவு சாறு தெளிந்தது என்று கணக்கெழுதப் பலர் வருவர். கோதை உடைப்பவர் யார், அவருக்குக் கையுறை உண்டா, கூலி எவ்வளவு, ஆலையின் இலாபத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்னும் வினாக்களையும் அதே ஏட்டிலே எழுதும் மாணவர் எமக்கு வேண்டும். கொல்லத்திலே எண்ணெய்க்கு முதலிலும் கைக்குப் பிந்தியும் விடை கிடைத்தது. எமது கரையிலே அவ்வரிசை மாறவேண்டும்.