வலைப்பக்கத் தலைப்புகளும் படங்களும்

தேடுபொறி உகப்பாக்கம் என்பது, ஒரு வலைப்பக்கம் எதைப் பற்றியது என்பதைக் கூகுள், பிங் முதலிய தேடுபொறிகள் சரியாகப் புரிந்துகொள்ளும்படி அதை அமைக்கும் வேலை. அந்த வேலையில் எழுதுபவரின் கைக்குள்ளேயே இருப்பவை தலைப்புகளும் படங்களும். தமிழ்ப் பக்கங்கள் பல தடுமாறுவதும் இவ்விரண்டில்தான்.

தலைப்பு

தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு பெயருக்குள் பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன: இன்று மக்கள் வாழும் கரிசல் கிராமம், 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் தாக்கிய, பாளையக்காரர் கட்டபொம்மனின் கோட்டை, அவர் தம்பி ஊமைத்துரை திரும்பக் கட்டி, 1801 மே மாதம் கம்பெனிப் படையிடம் இழந்த கோட்டை, 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை, சீமான் இயக்கத்தில் பிரபு நடித்து 1996இல் வந்த திரைப்படம். வெறும் ‘பாஞ்சாலங்குறிச்சி’ என்று தலைப்பிட்ட பக்கம் இவற்றில் எதைச் சொல்கிறது என்பது தேடுபொறிக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. ‘பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டை: செல்லும் வழியும் பார்வை நேரமும்’ என்றால் குழப்பமே இல்லை.

வலைப்பக்கங்கள் எழுதப்படும் எச்.டி.எம்.எல். குறிமொழியில் எச்1 முதல் எச்6 வரை ஆறு படித் தலைப்புகள் உண்டு. பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு எச்1, அதன் பிரிவுகளுக்கு எச்2, உட்பிரிவுகளுக்கு எச்3 என்று இறங்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மட்டும் ஒரு வரி தலைப்பாகிவிடாது. அதற்குரிய குறி வேண்டும். தலைப்புப் படிகள் வரிசை பிசகினாலும் தேடல் முடிவுகளில் பெரிய பாதிப்பில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆனால் பார்வையற்றோர் பலர், திரையிலுள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் மூலம் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்காகவே வரிசை காக்கப்பட வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு பழைய சிக்கலும் உண்டு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் பாமினி, தாப், தாம், தஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வரி புரியாத குறிகளாகச் சிதறும். அதற்கு அஞ்சித் தலைப்பையே படமாக்கி ஒட்டினார்கள். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அந்த அச்சத்துக்கு இன்று காரணமில்லை. ஆனாலும் கோயில் கொடை அழைப்பு, பள்ளி ஆண்டுவிழா அறிவிப்பு, கடையின் விலைப்பட்டியல் எல்லாம் இன்னும் ஒற்றைப் படமாகவே பக்கங்களில் ஏறுகின்றன. படத்திலுள்ள தமிழைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. ஊர்ப்பெயரும் நாளும் எழுத்தாகத் தட்டச்சிடப்பட வேண்டும்.

படம்

கூகுள் படத்தேடல் 2001இல் தொடங்கியது. படத்தின் பொருளை அறியத் தேடுபொறி அதன் மாற்றுரை, கோப்புப் பெயர், அருகிலுள்ள வாசகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. மாற்றுரை என்பது ‘ஆல்ட்’ என்னும் பண்பில் எழுதப்படும் விவரிப்பு. படத்தைக் காண முடியாதவருக்குத் திரைவாசிப்பான் அதையே படித்துச் சொல்லும். கட்டபொம்மன் தொடர்பான மூன்று படங்களுக்கும் ‘கட்டபொம்மன்’ என்றே மாற்றுரை கொடுத்தால் பயனில்லை. 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனா, அவர் 1970இல் கயத்தாற்றில் நிறுவிய சிலையா, ஓர் ஓவியமா என்று சொன்னால்தான் அது விவரிப்பு. வெறும் அலங்காரத்துக்கான படமானால் மாற்றுரையை வெற்றாக விடுவதே முறை.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இணையத்தில் விற்பவர், கேமரா கொடுத்த எண்ணையே கோப்புப் பெயராக விடாமல் பொருளின் பெயரை வைக்கலாம். ‘கோவில்பட்டி கடலைமிட்டாய், வெல்லப்பாகில் செய்தது, அரைக் கிலோ பொட்டலம்’ என்ற மாற்றுரை போதும். ‘சிறந்த கடலைமிட்டாய், மலிவான கடலைமிட்டாய்’ என்று சொற்களை அடுக்குவதைக் கூகுள் முறைகேடாகவே கருதும்.

படத்தின் எடையும் முக்கியம். கைப்பேசியில் எடுத்த பல மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் மெலிந்த கிராமங்களில் பக்கம் திறக்கவே திறக்காது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படத்தைத் தேவையான அகலத்துக்குச் சுருக்கி, 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி போன்ற வடிவில் சேமித்தால் எடை வெகுவாகக் குறையும். அகல உயர அளவுகளையும் குறித்துவிட்டால், படம் வந்து சேரும்போது எழுத்துகள் இடம்பெயராது.

படக்குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று படமெடுக்கப்படும் மதில்கள் 1974இல் கட்டியவை. பழைய கோட்டையின் எச்சங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் தனியே உள்ளன. குறிப்பில்லாமல் அந்த மதிலின் படம் வந்தால், கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை இதுவே என்று பள்ளிப் பிள்ளை எழுதிக்கொண்டு போகும். ‘1974இல் கட்டப்பட்ட நினைவுக் கோட்டையின் மதில்’ என்று படத்தின் கீழே ஒரு வரி இருந்தால், தேடுபொறியும் அந்தப் பிள்ளையும் ஒரே தகவலைப் பெறுவார்கள்.