குடிசன மதிப்பு அறிக்கைகளும் ஆய்வாளரின் அடிக்குறிப்புகளும்

இலங்கையின் சமூக வரலாற்றை ஆராயப் புகும் எவரும் குடிசன மதிப்பு அறிக்கைகளைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. நாடு முழுவதையும் தழுவிய முதலாவது மதிப்பு 1871 ஆம் ஆண்டில் நடைபெற்றது. அன்று தொட்டு வெளிவந்த அறிக்கைகள் ஆய்வுக் கட்டுரைகளிற் பெருவழக்காக எடுத்தாளப்படினும், எடுத்தாளும் முறை ஒரே தன்மையதன்று.

முந்திய அறிக்கைகள் தனியொருவரின் நூல்கள் போலவே மேற்கோள் காட்டப்படுகின்றன. 1901 ஆம் ஆண்டு மதிப்பை நடத்திய பொன்னம்பலம் அருணாசலம், 1911 ஆம் ஆண்டு மதிப்பை நடத்திய ஈ. பி. டெனம் ஆகியோரின் பெயர்களே அடிக்குறிப்பில் முன்னிற்கும். அவர்கள் எண்களோடு நில்லாது சமயம், வழக்காறு முதலியன பற்றித் தம் கருத்துகளையும் எழுதினர். அக்கருத்துகள் கணக்கிடப்பட்ட உண்மைகள் போன்று பிற்காலக் கட்டுரைகளில் நுழைந்துவிடுவதுண்டு. அண்மைக்கால அறிக்கைகளுக்கோ திணைக்களமே ஆசிரியர். அங்கு எண்களே பேசுகின்றன.

எண்களை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. 1901 இல் தமிழர் அனைவரும் ஒரே பிரிவினராக எண்ணப்பட்டனர்; அவர்தம் தொகை 951,740. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பாகுபாடு 1911 இலேயே புகுந்தது. முன்னவர் ஏறத்தாழ 528,000. பின்னவர் ஏறத்தாழ 531,000. அட்டவணையின் தலைப்பை நோக்காது முதலிரு எண்களையும் ஒப்பிடுவோர்க்குப் பத்தாண்டுகளில் தமிழர் தொகை பாதியளவாகக் குறைந்துவிட்டதெனத் தோன்றும்.

எல்லை மாற்றத்தால் விளையும் மயக்கம் இதனினும் நுட்பமானது. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எண்ணப்பட்டோர் 830,552 பேர். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. அப்பகுதியில் வாழ்ந்த 91,764 பேரையும் கழிப்பின் எஞ்சுவது 738,788. இவ்விரு எண்களும் ‘யாழ்ப்பாணம், 1981’ என்ற ஒரே குறிப்புடன் எடுத்தாளப்படக் கூடியவை, இரண்டும் பிழையல்ல. 2012 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 583,000 பேரே காணப்பட்டனர். பழைய எல்லையின்படி வந்த எண்ணோடு ஒப்பிட்டால் குறைவு 247,000. புதிய எல்லையின்படி 155,000. போரும் இடப்பெயர்வும் ஒரு மாவட்டத்தை எவ்வளவு வெறுமையாக்கின என அளக்க முற்படும் ஆய்வில், ஊரை விட்டு எங்கும் பெயராதோரும் ‘குறைந்தோர்’ கணக்கிற் சேர்ந்துவிடுகின்றனர்.

இடைப்பட்ட 2001 ஆம் ஆண்டின் மதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களும் அப்பதினெட்டினுள் அடங்கா. எண்ணப்படாத பகுதிகளுக்கென மதிப்பிட்டுத் தரப்பட்ட தொகையும், வீடு வீடாகச் சென்று எண்ணிய தொகையும் கட்டுரையொன்றில் ஒரே நிரலில் அமையும்போது, அடிக்குறிப்பில் ‘குடிசன மதிப்பு, 2001’ என்பது மட்டுமே காணப்படும்.