முதியோரைத் தாங்கும் திராட்சைச் சரிவு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் நகரச் செல்வந்தர் யோகானஸ் ஃபான் ஸ்டேரன், 1316ஆம் ஆண்டு நகர மதிலுக்கு வெளியே ஒரு சத்திரத்தை நிறுவினார். நோயாளிகளுக்கும் ஆதரவற்றோருக்கும் அங்கே இடம் உண்டு. பிற்காலத்தில் புர்கர்ஸ்பிட்டால் என்று பெயர் பெற்ற அந்த அறநிலையம் 2016இல் 700 ஆண்டுகளை நிறைவு செய்தது.

கொடையாளர் மறைந்த பிறகும் அறம் நிலைக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் வருவாய் தரும் சொத்து வேண்டும். இந்த நிலையத்துக்கு வாய்த்த சொத்து, திராட்சைத் தோட்டம். மாயின் ஆற்றுக்கு மேலே, வெயிலைப் பார்த்துச் சரியும் ‘ஷ்டைன்’ மலைச்சரிவு அதில் தலையாயது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த மண். 1665இல் எப்ராக் மடத்துத் தலைவர் ஆல்பெரிக் டேகன் இந்தச் சரிவில் சில்வானர் கொடியை நடச்செய்தார். இன்றும் வூர்ட்ஸ்பூர்க் அடங்கிய ஃபிராங்கோனிய வட்டாரத்துக்குப் பெயர் சொல்லும் வெள்ளை ஒயின் அதுவே.

பெயர் பரவியதும் போலிகளும் பெருகின. 1726இல் நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது: புர்கர்ஸ்பிட்டாலின் சிறந்த ஷ்டைன் ஒயினை ‘போக்ஸ்பாய்ட்டல்’ குப்பியில் அடைத்து நகர முத்திரையிட வேண்டும். குட்டைக் கழுத்து, தட்டையான வட்ட வயிறு. கீழே விழுந்தாலும் வெகுதூரம் உருளாத குப்பி. ஃபிராங்கோனிய ஒயினுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

புர்கர்ஸ்பிட்டாலின் நிலவறையில் அதைவிட மூத்த குப்பி ஒன்றும் இருக்கிறது. கடும் வறட்சியில் ஐரோப்பாவே வாடிய 1540ஆம் ஆண்டு விளைச்சல். அதே ஆண்டின் வேறொரு குப்பியை 1961இல் லண்டனில் திறந்தார்கள். ஒயின் எழுத்தாளர் ஹியூ ஜான்சன் அதைச் சுவைத்துப் பார்த்தார். 400 ஆண்டுகளைத் தாண்டியும் அதில் உயிர் இருந்தது. காற்றுப் பட்டதும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது.

1945 மார்ச் 16 இரவு விமானக் குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. சத்திரத்துக் கட்டடங்களும் தப்பவில்லை. பிறகு அவற்றை மீண்டும் எழுப்பினார்கள்.

அந்தச் சரிவில் விளையும் சில்வானரின் சிறப்பு அடக்கம். குப்பிமேல் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது என்று பொருள். சட்டப்படி லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை மிஞ்சலாம். 4 கிராமுக்குள் நிறுத்துவது ஃபிராங்கோனிய மரபு. புளிப்பு மிதம்; பச்சிலை வாசம், பேரிக்காய்ச் சாயல், கடைசியில் மண்ணின் ஒரு மெல்லிய தடம். முந்திக்கொள்ளாத ஒயின் என்பதால் சோற்று மேசையில் அதற்கு நல்ல மரியாதை.

வசந்தத்தில் அதன் துணை, வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு. வெயில் படாமல் மண் அணைத்து வளர்த்ததைத் தோல் சீவி வேகவைத்து, உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பரிமாறுவார்கள். அதன் இளங்கசப்பு பல ஒயின்களை உலோகச் சுவைக்குத் தள்ளிவிடும். சில்வானர் அதோடு இணங்கிப்போகும். ஜூன் 24, புனித யோவான் திருநாளோடு அந்தப் பருவம் முடியும். வெங்காயமும் வினிகரும் சேர்ந்த சாற்றில் வேகும் ‘பிளாவெ ஸிப்ஃபல்’ தொத்திறைச்சிக்கும் சில்வானரே பொருத்தம். ஆற்றுப் பொடிமீனான ‘மேஃபிஷ்லி’யை மாவில் புரட்டிப் பொரித்து, தலை வால் பாராமல் கையாலேயே தின்பார்கள். நகரின் காவல் புனிதர் கிலியானின் சுண்டுவிரலைவிட நீளமான மீன் ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. மொறுமொறுப்பின் எண்ணெய்ப்பசையை ஒரு மிடறு சில்வானர் கழுவிவிடும்.

புர்கர்ஸ்பிட்டால் இன்றும் முதியோர் இல்லங்களையும் முதியோர் மருத்துவமனையையும் நடத்துகிறது. அதன் ஒயின் கூடத்தில் குடிப்பவர் தருகிற காசு அங்கேதான் போகிறது. ஒரு குவளை ஒயின் வாங்குபவர், தாம் அறியாமலே ஸ்டேரனின் கொடைக்குத் தம் பங்கைச் சேர்த்துவிட்டு எழுந்து போகிறார்.